ஒரிஜினல் சாவியால் திறந்தும் கார் அலாரம் ஏன் அடித்தது?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துவிட்டதால், சாவியின் பிளேடை ஓட்டுநர் பக்கக் கதவில் போட்டுத் திறந்திருக்கிறார். கதவைத் திறந்த மாத்திரத்தில் ஹார்ன் அலறி, நான்கு இண்டிகேட்டர்களும் மின்னி, தெருவே திரும்பிப் பார்த்திருக்கிறது. பதற்றத்தில் இக்னிஷனில் சாவியைப் போட்டுத் திருப்பியதும் சத்தம் நின்று வண்டியும் கிளம்பிவிட்டது. போதாக்குறைக்கு, இரவில் சில சமயம் காரணமே இல்லாமலும் அடிக்கிறதாம். "சொந்தச் சாவிக்கே கத்துகிற அலாரத்தை நம்பலாமா, அல்லது வெளியில் நல்லதாக ஒன்று வாங்கிப் பொருத்திவிடலாமா?" என்று கேட்கிறார். அலாரம் பழுதா என்று கேட்பதுபோல இருந்தாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, வண்டி தன் உரிமையாளரை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்பதைத்தான். வாகன மின்வேலையிலேயே நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த முதல் நிகழ்ச்சியில் பழுது எதுவும் இல்லை. பெரும்பாலான கார்கள் அப்படித்தான் நடந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. திருட்டுத் தடுப்பு என்ற ஒரே பெயருக்குள் காரில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. கதவோ பானட்டோ டிக்கியோ திறப்பதைக் கவனித்துச் சத்தம் போடுவது அலாரம். சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாமல் தடுப்பது இம்மொபிலைசர். ரிமோட்டின் பொத்தான்கள் அலாரத்தோடும் சென்ட்ரல் லாக்கோடும் பேசுகின்றன. சாவித் தலைக்குள் இருக்கும் சிப் இம்மொபிலைசரோடு மட்டும் பேசுகிறது. பொத்தானுக்குப் பேட்டரி வேண்டும், சிப்புக்கு வேண்டாம். கேட்டவரின் கையில் அன்று இருந்தது, பாதி ஊமையாகிவிட்ட ஒரு சாவி.

அலாரத்தின் மூளை, இன்றைய கார்கள் பலவற்றில், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற பெட்டிதான். சென்ட்ரல் லாக், இண்டிகேட்டர், ரூம் லைட் எல்லாவற்றையும் இயக்குவதும் அதுவே. ஒவ்வொரு கதவின் பூட்டுக்குள்ளும், பழைய வண்டியானால் கதவுச் சட்டத்தில் ரப்பர் உறைக்குள்ளும், ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. பானட்டுக்கும் டிக்கிக்கும் ஒவ்வொன்று. ரிமோட்டில் பூட்டும் பொத்தானை அழுத்தியவுடன் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பெட்டி பார்த்துக்கொண்டு, சில வினாடிகளில் காவல் நிலைக்குப் போய்விடுகிறது. அதன்பிறகு அதற்குத் தெரிந்த விதி ஒன்றே: முறைப்படி காவலை விலக்காமல் ஏதாவது ஒரு சுவிட்சின் நிலை மாறினால் சத்தம் போட வேண்டும். முறைப்படி விலக்குவது என்றால், ரிமோட்டிலிருந்து வரும் சரியான சங்கேதம், அல்லது இக்னிஷனில் இம்மொபிலைசர் ஏற்றுக்கொண்ட சாவி. கதவுப் பூட்டில் திருப்பிய வெறும் பிளேடு இந்த இரண்டிலும் சேராது. அப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கதவுப் பூட்டை வேறு கருவியாலும் திருப்ப முடியும் என்பதால், பூட்டு திரும்பிவிட்டது என்பதை உரிமையாளர் வந்துவிட்டதற்குச் சான்றாக அந்தப் பெட்டி ஏற்பதில்லை. சில மாடல்களில் பூட்டுச் சிலிண்டருக்குப் பின்னால் தனியாக ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, சாவியால் திறந்தாலும் அலாரம் விலகும்படி செய்திருக்கிறார்கள்; வேறு சிலவற்றில் சத்தம் தொடங்குமுன் சில வினாடி அவகாசம் தருகிறார்கள். எந்த வண்டியில் எது என்பதை அதன் கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கார் வாங்கும்போது "அலாரம் உண்டு" என்று கேட்டுத் திருப்தியடைகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நம் ஊரில் விற்கும் கார்கள் பலவற்றில் வருவது, திறப்புகளை மட்டும் கவனிக்கும் வகைதான். யாராவது கண்ணாடியை உடைத்து, கதவைத் திறக்காமலே சீட்டிலிருக்கும் லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு போனால் இந்த வகை அலாரம் மூச்சுக்கூட விடாது, ஏனென்றால் எந்தச் சுவிட்சும் அசையவில்லை. உள்ளே நடமாட்டத்தைக் கண்டுபிடிக்க மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை, பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் அளவில், காருக்குள் பரப்பி அதன் எதிரொலி மாறுகிறதா என்று பார்க்கும் சென்சார் வேண்டும். அதிர்வை உணர ஒரு சென்சார், ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றுவதையோ கட்டி இழுப்பதையோ கண்டுகொள்ளச் சாய்வை உணரும் மற்றொரு சென்சார் என்று விலை உயர்ந்த வண்டிகளில் இவை ஒவ்வொன்றாகக் கூடும். உங்களிடம் இருப்பது எது என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது: ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, வெளியே நின்று ரிமோட்டால் பூட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, கையை உள்ளே விட்டு நன்றாக அசைத்துப் பாருங்கள். அலறினால் உள் சென்சார் உண்டு. அலறாவிட்டால் உள்ளிருந்தே கதவைத் திறந்து பாருங்கள். அப்போது மட்டும் அலறினால் உங்களுடையது திறப்பு அலாரம்.

ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால் என்ன போகிறது என்பதிலும் பலருக்கு ஐயம் உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான கார் ரிமோட்டுகள் 433.92 மெகாஹெர்ட்ஸிலும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸிலும் ஒலிபரப்புகின்றன. ஆரம்பகால ரிமோட்டுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணை அனுப்பின. பக்கத்தில் நின்று ஒருமுறை பதிவு செய்தவன் எப்போது வேண்டுமானாலும் அதையே திருப்பி அனுப்பிக் கதவைத் திறக்க முடிந்தது. அதைத் தடுக்க வந்ததுதான் மாறும் சங்கேதம். ரிமோட்டுக்குள் இருக்கும் ஒரு எண்ணிக்கை ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒன்று கூடுகிறது. அந்த எண் ரகசியத் திறவுகோலால் மறைகுறியாக்கப்பட்டுப் போகிறது. தான் கடைசியாக ஏற்ற எண்ணுக்கு முந்தையதை வண்டி ஏற்பதில்லை. வீட்டில் குழந்தை பொத்தானை விளையாட்டாக அழுத்திக்கொண்டே இருந்தால் ரிமோட் மட்டும் முன்னே ஓடிவிடும் அல்லவா? அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் உருவாகிப் பின்னர் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய கீலாக் முறையில், அடுத்த 16 எண்களுக்குள் வந்தால் வண்டி உடனே திறக்கும். அதையும் தாண்டியிருந்தால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தியதும் இரண்டும் மறுபடி ஒத்துப்போய்விடும். ரிமோட் முதல் அழுத்தத்தில் வேலை செய்யாமல் இரண்டாவதில் வேலை செய்வதற்குச் சில சமயம் இதுவும் ஒரு காரணம்.

இம்மொபிலைசரின் வேலை இதைவிட அடக்கமானது, அதனாலேயே வலிமையானது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள், ரிமோட் சர்க்யூட்டிலிருந்து தனியாக, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் கண்ணாடிக் குழலாகவோ கறுப்புக் கட்டையாகவோ அந்தச் சிப் இருக்கும். இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் உண்டு. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தப் புலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பிறகு வண்டி ஏதோ ஒரு எண்ணைக் கேள்வியாக அனுப்ப, சிப் தன் ரகசியத் திறவுகோலைக் கொண்டு கணக்கிட்டு விடையை அனுப்ப, வண்டியும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துவந்தால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் எரிபொருளை விடும். கண் மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடுவதால் நடந்ததே நமக்குத் தெரிவதில்லை. ரோட்டோரக் கடையில் பிளேடை மட்டும் வெட்டி வாங்கிய டூப்ளிகேட் சாவியைப் போட்டால் தெரியும்: கதவு திறக்கும், இக்னிஷன் திரும்பும், மீட்டரில் விளக்குகள் வரும், பல வண்டிகளில் செல்ஃப்கூட அடிக்கும், ஆனால் எஞ்சின் பிடிக்காது, அல்லது பிடித்து இரண்டு வினாடியில் அணைந்துவிடும், சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பணிமனைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வரும் "ஸ்டார்ட் ஆகாத" வண்டிகளில், உடைந்த சாவி உறையை மாற்றும்போது சிப்பைப் பழைய உறையிலேயே விட்டுவிட்டு உறையைக் குப்பையில் போட்டவர்களுடையதும் அவ்வப்போது இருக்கும். பொத்தான் ஸ்டார்ட் வண்டிகளிலும், ரிமோட் பேட்டரி தீர்ந்தால், கையேடு குறிப்பிடும் இடத்தில், பெரும்பாலும் ஸ்டார்ட் பொத்தானின் மேலேயே, ரிமோட்டை ஒட்டிப் பிடித்தால் கிளம்புவது இதே சுருள், சிப் ஏற்பாட்டினால்தான்.

எது உண்மையில் திருட்டைக் குறைக்கிறது என்பதில் பெரிய ஐயத்துக்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. நெதர்லாந்தின் புள்ளிவிவரங்களைக் கொண்டு 1995 முதல் 2008 வரையிலான காலத்தை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், கார் திருட்டு மொத்தத்தில் சுமார் 40 விழுக்காடு குறைந்ததற்கு அது காரணம் என்று மதிப்பிட்டார்கள். எதிர்மறைச் சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அப்படிக் கட்டாயம் இல்லாததால், 2010-களில் விற்ற கியா, ஹூண்டாய் மாடல்கள் பலவற்றில் இம்மொபிலைசர் வைக்கப்படவில்லை. ஸ்டீயரிங் அடியிலுள்ள உறையை உடைத்து, யூஎஸ்பி கேபிளின் முனையாலேயே இக்னிஷனைத் திருப்பலாம் என்று காட்டும் வீடியோக்கள் பரவியதும், 2022-இல் பல நகரங்களில் இந்தக் கார்களின் திருட்டு பெருகியது. நிறுவனங்கள் 2023-இல் கொடுத்த மென்பொருள் மாற்றம், அலாரம் ஒலிக்கும் நேரத்தை 30 வினாடியிலிருந்து ஒரு நிமிடமாக்கியதோடு, பூட்டிய வண்டி சாவி இல்லாமல் கிளம்பாதபடியும் செய்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் 2007-லிருந்தே இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால் அதே மாடல்கள் அங்கே இந்த விதத்தில் திருடுபோகவில்லை. சத்தம் கேட்டால் இன்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது நம் தெருவிலேயே தெரிகிறதே. ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 116-கூட ஒரு தடவை அடிக்கும் சத்தம் 30 வினாடிக்கு மிகக்கூடாது என்றுதான் வைத்திருக்கிறது.

இம்மொபிலைசரை உடைக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். 40 பிட் திறவுகோல் கொண்ட பழைய சிப் ஒன்றை 2005-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள்; மெகாமோஸ் என்ற மற்றொரு சிப்பின் பலவீனம் பற்றிய ஆய்வை 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடுத்து வைத்து, அது 2015-இல்தான் வெளியானது. ஆனால் நடைமுறையில் கவலைப்பட வேண்டியது, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டாலே திறக்கும் வண்டிகளைப் பற்றித்தான். அங்கே திருடன் சங்கேதத்தை உடைக்க வேண்டியதே இல்லை. ஒருவன் வண்டியருகிலும் மற்றவன் வீட்டு வாசலிலும் நின்று, வண்டியின் அழைப்பைச் சாவிக்கும் சாவியின் விடையை வண்டிக்கும் கடத்திக் கொடுத்தால் போதும். சாவி பக்கத்தில் இருப்பதாகவே வண்டி நம்பிவிடுகிறது. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களை இப்படிச் சோதித்தபோது பத்துமே திறந்துகொண்டன. அண்மைக்காலச் சாவிகள் சிலவற்றில் சற்று நேரம் அசையாமலிருந்தால் உறங்கிவிடும் சென்சாரும், சமிக்ஞை சென்று திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடும் வந்திருக்கின்றன. அவை இல்லாதவர்கள் சாவியை மூடிய உலோக டப்பாவில் வைக்கலாம். ஆனால் டப்பாவோடு வண்டியருகில் நின்று கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும், எல்லா டப்பாவும் தடுப்பதில்லை. 2022-இல் லண்டனில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் சொந்த டொயோட்டா ராவ்4 திருடுபோனது இதையும் தாண்டிய வழி: ஹெட்லைட்டின் பின்னால் வரும் வயர்களில் ஒரு கருவியைச் செருகி, சாவி ஏற்கப்பட்டுவிட்டது என்ற பொய்ச் செய்தியை வண்டியின் உள் வலையமைப்பிலேயே புகுத்தும் முறை. அலாரமும் இம்மொபிலைசரும் அங்கே அடங்கி உட்கார்ந்திருந்தன.

இரவில் காரணமில்லாமல் அடிப்பதற்கு வருகிறேன். வண்டியைப் பார்க்காமல் எந்தச் சுவிட்ச் என்று சொல்ல முடியாது என்றாலும், எங்கே முதலில் தேட வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை: பானட் பூட்டு. அங்கேயுள்ள சுவிட்ச், ரேடியேட்டருக்கு மேலே, மழையும் தூசியும் நேராகப் படும் இடத்தில் இருக்கிறது. வாட்டர் வாஷில் அழுத்தத்தோடு அடிக்கும் நீர் ரப்பர் உறைக்குள் புகுந்து, தொடுமுனையில் பச்சை பூத்து, பகலில் வெயிலில் உலர்ந்து ஒழுங்காக இருந்து, பின்னிரவில் பனி இறங்கியதும் ஒரு கணம் நிலை மாறும். அந்த ஒரு கணம் அலாரத்துக்குப் போதும். கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் செருகியை, கழற்றி, தொடுமுனையைச் சுத்தம் செய்து, பூட்டின் இறுக்கத்தைச் சரிபார்த்தாலே பாதி வண்டிகள் அமைதியாகிவிடும். சுவிட்ச் எந்த வகை என்று தெரியாமல் கப்ளரைக் கழற்றி அப்படியே விட்டால், பானட் திறந்தே இருப்பதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளவும் கூடும். அடுத்தது, முழுமையாகச் சாத்தாத டிக்கி. மீயொலி சென்சார் உள்ள வண்டியானால், சற்றுத் திறந்து விட்ட கண்ணாடி, ஆடும் பொம்மை, உள்ளே மாட்டிக்கொண்ட பூச்சி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பழைய ஐரோப்பிய வண்டிகளில் சைரனுக்கென்று உள்ளேயே சிறு பேட்டரி இருக்கும். அது வயதாகிக் கசிந்தாலும் நடுநிசியில் இதே தொல்லைதான். சில கார்களில் கடைசியாக அலாரத்தை எழுப்பியது எது என்று பாடி மாட்யூல் குறித்து வைத்திருக்கும். நல்ல ஸ்கேனர் உள்ள பணிமனையில் சில நிமிடங்களில் படித்துவிடலாம்.

வெளி அலாரம் பொருத்துவதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பொருள் மோசமானதா என்பதைவிட, வயரை எப்படி இணைக்கிறார்கள் என்பதே கேள்வி. தொழிற்சாலை வயரின் மேல்தோலைச் சீவி, புது வயரைச் சுற்றி, கறுப்பு டேப்பை ஒட்டி மூடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. இரண்டு கோடைகளில் டேப்பின் பசை உருகி இணைப்பு தளரும்; பெட்ரோல் பம்ப் வயரையோ இக்னிஷன் வயரையோ வெட்டி நடுவில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்திருந்தால், ஓடும் வண்டி பைபாஸில் நின்றுபோகும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை ரிமோட்டால் அணைக்கும் வசதியைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் இறுகும், பிரேக்கின் துணை விசையும் சில மிதிகளோடு தீர்ந்துபோகும். கட்டாயம் ரிலே வைக்க வேண்டுமானால் செல்ஃப் வயரில் வைக்கச் சொல்லுங்கள். பழுதானாலும் ஓடும் வண்டி நிற்காது. மின்னிழுப்பையும் கணக்கில் வையுங்கள். பூட்டிய கார் வழக்கமாக 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். வெளி அலாரமும் ஜிபிஎஸ் டிராக்கரும் சேர்ந்து அதை 80 ஆக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.9 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய கார், நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போகும்போது சும்மா நின்றால், பாதிக்குமேல் காலி. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் ஒப்புதல் பெற்ற கருவியானால் இன்ஷூரன்சில் சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 விழுக்காடு தள்ளுபடிக்கு விதியில் இடமுண்டு, ஆனால் உச்சவரம்பு 500 ரூபாய். அதற்காகப் பொருத்த வேண்டிய அவசியமில்லை.

உங்கள் வண்டியில் இம்மொபிலைசர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே பணத்தில் நல்ல கியர் லாக் ஒன்றைப் பொருத்துவதையே நான் விரும்புவேன். மேலே சொன்ன மின்வழித் தந்திரங்கள் எதுவும் அதனிடம் செல்லாது. சாவி ஒன்று தொலைந்திருந்தால், மீதிச் சாவிகளோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்குப் போய், தொலைந்ததன் சிப்பை வண்டியின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் எல்லா ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதால், தொலைந்ததற்கான புகார் நகலும் கையில் இருக்கட்டும். இப்போதைக்கு ரிமோட்டைத் திறந்து பேட்டரியை மாற்றுங்கள். பலவற்றில் சிஆர்2032 என்ற எண்ணே இருக்கும், பழையதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும். பானட் சுவிட்சைப் பார்க்கும் வரையில், இரவில் ரிமோட்டால் பூட்டாமல் ஓட்டுநர் கதவைப் பிளேடாலேயே பூட்டிப் பாருங்கள். பல மாடல்களில் அப்படிப் பூட்டினால் அலாரம் காவலுக்குப் போகாது, இம்மொபிலைசர் மட்டும் வழக்கம்போல இருக்கும். அப்படிப் பூட்டிய இரவுகளில் அமைதியாக இருந்து, ரிமோட்டால் பூட்டிய இரவில் மறுபடி அடித்தால், ஏதோ ஒரு சுவிட்சோ சென்சாரோதான் காரணம் என்று பணிமனையில் சொல்லலாம். தேடும் நேரமும் கூலியும் அந்த அளவுக்குக் குறையும்.